பாட்டிலைத் திறப்பதற்கு முன்: ஆய்வகத்தில் கடும் நச்சுப் பொருட்களைப் புரிந்துகொள்ள முழு வழிகாட்டி

பெங்களூருக்கு வந்து எட்டாவது வாரம். காலை பதினொரு மணிக்கு ஹூட்டுக்குள் (நச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டு) சிலிக்கான் துண்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பிளாஸ்டிக் பீக்கரில் இருந்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், நன்றாக நீர்த்தது, 5 சதவீதம்தான். கிளவுஸின் ஆள்காட்டி விரல் நுனியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்திருக்கிறது. லேசாக ஈரம் பட்ட மாதிரி இருந்தது, கழற்றிப் பார்த்தேன், சிவப்புகூட இல்லை. குழாயில் விரலைக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். இரவு ஒன்பதரைக்கு யஷ்வந்த்பூர் அறையில் துணி மடிக்கும்போது நகத்துக்கு அடியில் ஒரு துடிப்பு ஆரம்பித்தது, பத்தரைக்குள் அது எலும்புக்குள்ளிருந்து யாரோ இடுக்கியால் இழுப்பது போல ஆகிவிட்டது. விரலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வேறொரு லேபில் இருந்த மதுரைக்கார அண்ணன் ஒருவர் இந்த அமிலத்துக்கான முதலுதவி மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை ஸ்கூட்டரில் கொண்டுவந்தார், ஏனென்றால் எங்கள் லேபில் அந்த ஜெல் கிடையாது. "ஏம்மா, காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். காலையில் எனக்கு வலிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான்: வலிக்காதது ஆபத்தில்லாதது என்று நினைத்திருந்தேன்.

இந்த வழிகாட்டி, திருச்சி, நெல்லை, கோவை என்று எங்கெங்கோ பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்துவிட்டு பெங்களூர் லேப்களுக்கு ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாகவோ ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி மாணவர்) ஆகவோ வந்து சேரும் தம்பி தங்கைகளுக்காக. கல்லூரியில் நாம் பார்த்தது கந்தக அமிலமும் அம்மோனியாவும். அவை பட்டால் எரியும், மூக்கைத் துளைக்கும், அதனால் உடம்பே நம்மை எச்சரித்துவிடும். இங்கே நீங்கள் தொடப்போகும் பலவற்றுக்கு அந்தக் குணம் இல்லை.

முதலில், கடும் நச்சு என்றால் எவ்வளவு?

லேபிளில் மண்டை ஓடு இருந்தால் விஷம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த ஒரே படத்துக்குள் மூன்று படிகள் இருக்கின்றன. எல்டி50 என்பது சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் ஜிஹெச்எஸ் லேபிள் முறையில், விழுங்கினால் 5 மில்லிகிராமுக்குள் கொல்லும் பொருள் முதல் வகை, 50க்குள் என்றால் இரண்டாம் வகை, 300க்குள் என்றால் மூன்றாம் வகை. மூன்றுக்கும் மண்டை ஓடுதான்.

5 மில்லிகிராம் என்பதைக் கையில் பிடித்துப் பார்ப்போம். 55 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 275 மில்லிகிராம். நம் எல்லோர் பையிலும் கிடக்கும் டோலோ மாத்திரையில் இருக்கும் பாராசிட்டமால் 650 மில்லிகிராம். அதில் பாதிகூட இல்லை. அதற்காக எலிக் கணக்கை மனிதனுக்கு அப்படியே பெருக்கி, இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று தைரியப்படக் கூடாது, சில பொருட்களில் நாம் எலியைவிட மென்மையானவர்கள். இந்த எண் எந்த வரிசையில் பயப்பட வேண்டும் என்று சொல்வதற்கு மட்டும்.

அந்த வரிசையைத்தான் நம் லேப்களில் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பது என் ஆதங்கம். டிஎன்ஏவைப் பார்க்கப் பயன்படும் சாயமான எத்திடியம் புரோமைடு என்றால் தனி மேசை, தனி கிளவுஸ், தனி குப்பைத்தொட்டி. அது மரபணுவைக் கெடுக்கக்கூடியது என்பதால் அந்தக் கவனம் வேண்டியதுதான், ஆனால் விழுங்கும் கணக்கில் எலியில் அதன் எல்டி50 சுமார் 1500. அதே லேபில் சோடியம் அசைடு பாட்டில் உப்பு டப்பா மாதிரி திறந்து கிடக்கும், அதன் எண் 27.

லேபிளில் உள்ள எச் எண்களைப் பழகிக்கொள்ளுங்கள். எச்300 என்றால் விழுங்கினால் உயிர் போகும், எச்310 தோல் வழியே, எச்330 மூச்சு வழியே. 301, 311, 331 அதற்கு ஒரு படி கீழே. இதில் எச்310 கண்ணில் பட்டால் கை தானாக நிற்க வேண்டும், ஏனென்றால் தோல் ஒரு சுவர் என்ற நம்பிக்கை அந்தப் பாட்டிலிடம் செல்லாது.

மண்டை ஓடு இல்லாத ஒரு கூட்டமும் உண்டு. மனித நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு படம் இருக்கும். எச்340 மரபணு, எச்350 புற்றுநோய், எச்360 கருவும் கருவுறும் திறனும். ஆர்கானிக் லேபில் தண்ணீர் மாதிரி ஊற்றும் டிஎம்எஃப் கரைப்பான், பயாலஜி லேபில் புழங்கும் ஃபார்மமைடு இரண்டும் எச்360 தான். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் காரணம் சொல்லாமலேயே "இந்த வேலையை இப்போதைக்கு வேறு யாராவது செய்யட்டும்" என்று கேட்கலாம், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது: எப்படி நுழையும், எப்போது காட்டும்

நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே கேள்விகள் எழுதச் சொல்வேன். உடம்புக்குள் எந்த வழியாக வரும்? வந்தபின் எத்தனை நேரம் கழித்துத் தெரியும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். உயிரை எடுப்பது பெரும்பாலும் இரண்டாவது.

டைமெத்தில் மெர்குரி கதை தெரியாமல் யாரும் லேபுக்குள் போகக் கூடாது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நச்சு உலோகங்களையே ஆராய்ந்த பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் மூலக்கூறுகளை ஆராயும் என்எம்ஆர் கருவியின் அளவீட்டுக்காக அதைக் கையாண்டார். ஹூட்டுக்குள்தான் வேலை செய்தார், லேடெக்ஸ் கிளவுஸ் போட்டிருந்தார். ஓரிரு சொட்டு கிளவுஸ் மேல் விழுந்தது. சுமார் ஐந்து மாதம் கழித்துத்தான் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, 1997 ஜூனில் இறந்துபோனார். பிறகு சோதித்தபோது அந்தத் திரவம் லேடெக்ஸைத் தாண்ட 15 நொடிகூடத் தேவைப்படவில்லை. அன்றிருந்த விதிகளை அவர் மீறவில்லை. விதிக்குத்தான் அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் விஷயம் வேறு. அமிலம் தோலை எரிப்பது சின்ன பகுதி, ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் பெரிய பகுதி. செறிவு அதிகம் என்றால் உடனே வலிக்கும், 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் வலி தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். அதிகமான இடத்தில் பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். என் விரல் தப்பியது, நகமும் தப்பியது, பட்டது அவ்வளவு கொஞ்சம் என்பதால் மட்டும்.

ஃபீனால் இன்னொரு ஏமாற்று. அதுவே தோலை மரத்துப்போக வைக்கும், அதனால் வெள்ளையாக வெந்திருப்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் பலருக்குத் தெரியும். டைமெத்தில் சல்ஃபேட்டுக்குப் பெரிய மணம் கிடையாது, அதன் ஆவியை மூச்சில் இழுத்தவருக்கு மணிக்கணக்கில் கழித்துக் கண்ணும் தொண்டையும் நுரையீரலும் புண்ணாகும். ஃபாஸ்ஜீன் வாயுவும் அப்படித்தான், மாலையில் லேசான இருமல், மறுநாள் நுரையீரலில் நீர். நாங்கள் ஃபாஸ்ஜீன் வாங்குவதே இல்லையே என்பீர்கள். வெயில் படும் அலமாரியில் பல வருடமாக நிற்கும் பழைய குளோரோஃபார்ம் பாட்டில், நிலைப்படுத்தும் சேர்மம் தீர்ந்துபோனால் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து தானே அதைத் தயாரிக்கும்.

மூக்கை நம்பலாமா? ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை. சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) போனதும் மூக்கு செயலிழந்துவிடும். வாடை போய்விட்டது, வாயு போய்விட்டது என்று ஆள் உள்ளே நடந்து போவார். சயனைடின் பாதாம் மணம் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி பக்கம் போகிறவர்களுக்கு ஆஸ்மியம் டெட்ராக்சைடு. அறை வெப்பத்திலேயே ஆவியாகும் திண்மம், கண்ணின் கருவிழியைத்தான் முதலில் தேடும். அதை வைத்த ஃப்ரிட்ஜின் தட்டோ, ரப்பர் விளிம்போ கறுத்திருந்தால் டப்பா கசிகிறது என்று அர்த்தம், கதவை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், துடைக்கப் போகாதீர்கள்.

மூன்றாவது: எம்எஸ்டிஎஸ்ஸைப் படிக்கும் முறை

எம்எஸ்டிஎஸ் என்பது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள பாதுகாப்பு விவரத் தாள். இப்போது அதற்கு எஸ்டிஎஸ் என்றுதான் பெயர், ஆனால் பயாலஜி லேபில் எஸ்டிஎஸ் என்றால் புரத ஜெல்லில் போடும் சோப்புத்தூளைத் தேடப் போய்விடுவார்கள் என்பதால் பழைய பெயரே புழங்குகிறது. 16 பகுதிகள் இருக்கும், முதலிலிருந்து படித்தால் தூக்கம் வரும். நான் படிக்கும் வரிசை இது. முதலில் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு சேர்மத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) பாட்டிலில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், சோடியம் அசைடும் சோடியம் அயோடைடும் அவசரத்தில் ஒன்று போலத் தெரியும். அடுத்து 2, ஆபத்து என்ன. பிறகு நேராக 4, முதலுதவி. அங்கே விசேஷமாக ஒரு மருந்தின் பெயர் இருந்தால் அது உங்கள் லேபில் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கு அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். அப்புறம் 8 கிளவுஸ், 10 எதோடு சேரக்கூடாது, 11 நச்சு விவரம், 13 கழிவு. பத்து நிமிடம் போதும்.

பகுதி 8-இல் "தகுந்த கிளவுஸ் அணியவும்" என்று மட்டும் எழுதியிருக்கும் ஷீட்டுகள் உண்டு, அவை பயனற்றவை. வேறு கம்பெனியின் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். எந்த ரப்பர், என்ன தடிமன், எத்தனை நிமிடம் தாங்கும் என்று இருக்க வேண்டும்.

நான்காவது: இது வேறு என்னவாக மாறும்?

பாட்டிலில் உள்ளது மட்டும் ஆபத்து இல்லை. சயனைடு உப்பு அமிலத்தைப் பார்த்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு. அசைடு அமிலத்தைப் பார்த்தால் ஹைட்ரசோயிக் அமிலம், நச்சும் உண்டு, வெடிக்கவும் செய்யும். அசைடோடு டைகுளோரோமீத்தேன் சேர்ந்தாலும் வெடிக்கும் பொருள் உருவாகும். சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் உலோக அசைடு படிந்து, வருடங்கள் கழித்து ஸ்பானரோடு வரும் பிளம்பரின் முகத்தில் வெடிக்கலாம். அசைடை அள்ள உலோகக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் எடுங்கள்.

பயாலஜி லேபில் எதைக் கொட்டுவதற்கு முன்னும் பிளீச் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. நல்ல பழக்கம், ஆர்என்ஏ பிரிக்கும் கரைசலான ட்ரைசால் தவிர. ட்ரைசாலிலும் பல ஆர்என்ஏ கிட்களின் பஃபரிலும் குவானிடின் உப்பு இருக்கிறது, பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது: தூளைத் தொடாமல் முடியுமா?

பல நேரம் முடியும். அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும், அதன் தூள் பறக்கும், ஆனால் 40 சதவீதக் கரைசலாகவே விற்கிறார்கள். ஆஸ்மியமும் ஆம்பூலில் கரைசலாகக் கிடைக்கிறது. விலை கூடுதல்தான். ஆராய்ச்சி கைடிடம் கேட்கத் தயங்காதீர்கள், தூளை எடைபோட்டுச் சிந்தும் ஒரு மதிய நேரத்தைவிட அது மலிவு.

தூள்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். மூடியோடு காலி ஃபால்கன் ட்யூபை (திருகு மூடி பிளாஸ்டிக் குழாய்) எடைபோடுங்கள். அதை ஹூட்டுக்குள் எடுத்துப்போய், சுமாரான அளவு தூளைப் போட்டு, அங்கேயே மூடி, வெளியே துடைத்துவிட்டு மறுபடி எடைபோடுங்கள். 1.00 கிராம் வேண்டும் என்று 1.13 வந்தால் தூளைக் குறைக்காதீர்கள், கரைப்பானைக் கூட்டுங்கள். எடைபோடும் பாலன்ஸ் பக்கத்தில் தூள் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

ஹூட்டின் முன்பக்கச் சாஷ் கண்ணாடியை முழங்கை உயரத்துக்கு இறக்குங்கள், பாட்டில் விளிம்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே இருக்கட்டும். ஹூட்டைக் குடோனாக வைத்திருந்தால் காற்று சுற்றிவிட்டு உங்கள் முகத்துக்கே வரும். காற்று ஓடுகிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ துண்டை விளிம்பில் ஒட்டிவிடுங்கள், அது உள்பக்கம் ஆட வேண்டும். பெங்களூரில் மழை பெய்தால் கரன்ட் போகும், ஜெனரேட்டர் வந்து லைட் எரிந்தும் ஹூட் ஃபேன் மறுபடி ஓடாமல் நின்ற நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த டிஷ்யூ துண்டுதான் சொன்னது.

கிளவுஸ் பற்றி ஒன்றே ஒன்று: மெல்லிய நீல நைட்ரைல் என்பது தெறிப்புக்கு மட்டும். டைகுளோரோமீத்தேன் அதை ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். பட்டதும் கழற்றி, கையைக் கழுவி, புதிது போடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றால் நைட்ரைலுக்கு மேலே நியோபிரீன் போன்ற தடித்த கிளவுஸ், போடும் முன் காற்றடைத்து ஓட்டை பார்க்க வேண்டும்.

புதிய வேலை என்றால் ஒருமுறை வெறும் தண்ணீரை வைத்து முழுக்க ஒத்திகை பாருங்கள். மூடியை எந்தக் கையில் பிடிப்பது, பிபெட் முனையை எங்கே போடுவது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தனியாகச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லேப் அமைதியாக இருக்கும், வேலை ஓடும் என்பது உண்மைதான், ஆனால் கடும் நச்சு வேலைக்கு அந்த அமைதி உதவாது.

பட்டுவிட்டால்

வெட்கத்தை விடுங்கள், உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 15 நிமிடம் ஓடும் தண்ணீர், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு. கடிகாரம் பார்த்து 15 நிமிடம், மனசுக்குள் எண்ணினால் நாலு நிமிடத்தில் நிறுத்திவிடுவோம். ஹைட்ரோஃபுளோரிக் என்றால் ஐந்து நிமிடம் கழுவிவிட்டு 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவி, தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு. ஜெல் இல்லையென்றால் கழுவுவதை நிறுத்தாதீர்கள். கண்ணில் பட்டால் ஜெல் கூடாது, தண்ணீர் மட்டும். ஃபீனாலுக்குக் கொஞ்சத் தண்ணீர் ஆபத்து, அது நீர்த்து இன்னும் பரவும், ஷவருக்குக் கீழே நிற்க வேண்டும். பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) 300 அல்லது 400 கைவசம் இருந்தால் அதில் நனைத்த துணியால் துடைக்கலாம்.

அறைக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் ஓடி உள்ளே போகாதீர்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் அவரைச் சாய்த்த காற்று உங்களையும் சாய்க்கும், பிறகு இரண்டு பேரைத் தூக்க வேண்டும். சயனைடு என்று சந்தேகம் இருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கக் கூடாது.

112-ஐ அழையுங்கள், ஆனால் அதற்கான ஏற்பாடு பாட்டில் வாங்கும் அன்றே நடந்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பக்கத்தில் உள்ள இரண்டு மருத்துவமனைகளின் கேஷுவால்டிக்குப் போன் செய்து, கால்சியம் குளுக்கோனேட் ஊசி இருக்கிறதா, லேபில் சயனைடு வைத்திருந்தால் ஹைட்ராக்ஸோகோபாலமினோ சோடியம் தயோசல்ஃபேட்டோ இருக்கிறதா என்று கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது, அந்த எண்ணையும் சேர்த்து ஒட்டுங்கள். போகும்போது எம்எஸ்டிஎஸ் நகலை எடுத்துப் போங்கள். அன்றிரவு கேஷுவால்டியில் "ஆசிட்" என்று மட்டும் சொன்னேன், விரல் நன்றாக இருப்பதைப் பார்த்து ஒரு களிம்பு எழுதினார்கள். கூட வந்த அண்ணன் "ஃபுளோரைடு" என்று சொன்ன பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள்.

வலிக்கவில்லை என்றாலும் பட்ட நேரத்தை எழுதி வையுங்கள், அறைத்தோழியிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

கழிவும், தெரியாத மனிதர்களும்

2010-இல் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை, பல வருடமாகச் சும்மா கிடந்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விற்றது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அது மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், பிரிக்கப்பட்டு, ஒரு தொழிலாளி இறந்தார், இன்னும் பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அது கதிர்வீச்சு, வேதிப்பொருள் இல்லை. ஆனால் நடந்த விதம் நம் அலமாரிகளுக்கு அப்படியே பொருந்தும்: வாங்கியவர் ஓய்வு பெற்றுவிட்டார், லேபிள் மங்கிவிட்டது, இடம் வேண்டும் என்று யாரோ தூக்கிப் போடச் சொன்னார்கள்.

அதனால் வாங்கும் அன்றே பாட்டிலில் தேதியும் பெயரும் எழுதுங்கள். கழிவு பாட்டிலில் "வேஸ்ட்" என்று மட்டும் எழுதாதீர்கள், உள்ளே என்னென்ன, எவ்வளவு என்று எழுதுங்கள். அமிலக் கழிவும் சயனைடு, அசைடு கழிவும் வேறு வேறு தட்டில் இருக்கட்டும். அனுப்புவது 2016 அபாயக் கழிவு விதிகளின்படி, கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் மட்டும். காலி பாட்டில்களைக் கழுவி எடைக்குப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, கடும் நச்சு பாட்டிலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எங்கள் தளத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர், தினமும் காலை ஏழு மணிக்கு, நாங்கள் யாரும் வருவதற்கு முன் வந்துவிடுவார். ஒருநாள் நான் சீக்கிரம் போனபோது பாலன்ஸ் மேசையில் சிந்தியிருந்த வெள்ளைத் தூளை வெறும் கையால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். "உப்புதானே கண்ணு" என்றார். என்ன தூள் என்று எனக்கும் தெரியவில்லை, முந்தின நாள் யார் எடை போட்டார்கள் என்று புத்தகத்திலும் இல்லை. கையைக் கழுவ வைத்தேன், பத்து மணி வரை ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன். கடைசியில் அது சோடியம் குளோரைடுதான்.

அதற்கடுத்த வாரம் பாலன்ஸ் மேசை, ஹூட், கழிவு மூலை மூன்றிலும் கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் சிவப்பு எழுத்தில் ஒட்டினோம்: "இங்கே சிந்தியதைத் தொடாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள்." கீழே இரண்டு பேரின் போன் எண். அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ ஏழு மணிக்குக் கூப்பிட்டா எடுப்பீங்களா?" என்று கேட்டார். எடுக்கிறோம்.